90 வயது வாத்தியார் தாத்தாவைப் பேச வைப்பது எப்படி?

கேள்வி: தாத்தா சின்ன ஊரில் ஊராட்சி ஒன்றியப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 90-வது பிறந்தநாளுக்குச் சிறப்பு மலர் ஒன்று அச்சிடுகிறோம். கேட்டால், “பாடம் நடத்தினேன், பொண்ணுங்களைக் கட்டிக்கொடுத்தேன், அவ்வளவுதான்” என்கிறார். என்ன கேட்கலாம்?

பதில் 1: பொதுவாகக் கேட்டால் அப்படித்தான். பள்ளிச் சேர்க்கை பற்றிக் கேளுங்கள். பிறந்த தேதி தெரியாமல் வரும் பிள்ளையை, வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள், தொட்டுவிட்டால் ஐந்து வயது என்று வாத்தியாரே ஒரு தேதி எழுதிவிடுவார், அந்தத் தலைமுறையில் பலருக்கு மே, ஜூனில் பிறந்தநாள் வருவது இதனால்தான்.

பதில் 2: காமராஜர் காலத்து மதிய உணவையும் கேளுங்க. 1956-ல் ஆரம்பித்தபோது ஊர்க்காரர்கள் நன்கொடையும் அதில் சேர்ந்திருந்தது. அரிசிக்கு யார் வீட்டுப் படியேறினார் என்று கேட்டால் கதை தானாக வரும்.

பதில் 3: பாட்டியை விட்டுடாதீங்க! திண்ணையில் இரவுப் படிப்புக்கு வந்த பிள்ளைகளுக்குச் சுண்டல் கொடுத்தது யாராம்?

கேட்டவர்: காது விஷயத்தை எடுத்தேன், சாப்பாட்டு நேரம் தாண்டியும் நிறுத்தவில்லை. அப்பாவின் சான்றிதழ் தேதியும் அவர் போட்டதுதானாம். அப்பா இப்போது ஜாதகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்.