ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு: வடிகட்டி கைவிட்டுவிட்டது

ஊர் தருமபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம். ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 3.4 மி.கி.; வரம்பு 1.5. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் எங்கள் மேட்டுத் தெருவுக்குச் சரிவர ஏறுவதில்லை. எட்டு வயது மகளுக்குப் புதிதாக முளைத்த முன்பற்களில் பழுப்புக் கோடுகள். வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் சிரிக்கிறாள், பார்க்கப் பொறுக்கவில்லை.

காய்ச்சிப் பார்த்தோம். அதனால் ஃபுளோரைடு போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். ஆடியில் ஆக்டிவேட்டட் அலுமினா (ஃபுளோரைடைப் பிடித்துவைக்கும் துகள்கள்) வடிகட்டி வைத்தோம். முதலில் 0.8க்கு இறங்கியது, தையில் மறுபடி 2.6. நீரின் பிஎச் 8.2, காரத்தன்மையும் அதிகம். விற்றவர் துகள்களை மொத்தமாக மாற்றச் சொல்கிறார், விலை கட்டுப்படியாகாது.

இந்தத் துகள்களைப் படிகாரக் கரைசலால் வீட்டிலேயே புதுப்பித்தவர்கள், எந்த அளவில், எப்படிச் செய்தீர்கள்?