அவசரமாக மதுரை போக வேண்டும்: மைல்ஸா, ரொக்கமா?

மாட்டுத்தாவணி:
வணக்கம். டொராண்டோவுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அப்பாவுக்கு இதய அறுவைச் சிகிச்சை என்று நேற்று இரவு தங்கை போன் செய்தாள். நான் அடுத்த வாரமே அங்கே இருந்தாக வேண்டும். டிக்கெட் பார்த்தேன். ரொக்கம் என்றால் 1,640 டாலர். ஏர் கனடாவின் ஏரோபிளான் திட்டத்தில் சேர்த்த மைல்ஸ் (புள்ளிகள்) என்றால் 70,000, கூடவே வரி 95 டாலர். என் கணக்கில் 82,000 இருக்கிறது. எது லாபம்? மைல்ஸை இப்படிச் செலவழிப்பது பாவம் என்று அலுவலகத்தில் ஒருவர் பயமுறுத்துகிறார். இன்று இரவுக்குள் முடிவெடுக்க வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிராம்ப்டன் வாசி:
அப்பா நல்லபடியாகத் தேறட்டும். மைல்ஸ் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. கிரெடிட் கார்டு பற்றித் தெரியும், அதனால் சொல்கிறேன். வந்த புதிதில் வங்கியில் சிரித்த முகத்தோடு ஒரு கார்டு நீட்டுவார்கள். மூன்று மாதத்தில் இவ்வளவு செலவு செய்தால் இவ்வளவு புள்ளி என்பார்கள். புள்ளிக்காக எதையாவது வாங்கி, மாதக் கடைசியில் முழுத் தொகையையும் கட்ட முடியாமல் போனால் வட்டி 20 சதவீதத்தைத் தொடும். நாங்கள் வந்தபோது நிலவறையில் நான்கு பேர், இரண்டு மெத்தை. குளிர்காலக் கோட்டைக்கூட முறை வைத்துப் போட்டுக்கொண்டு போனோம். கார்டு வாங்கவே இல்லை. இன்றும் ஒரே ஒரு கார்டுதான்.

மிசிசாகா மீனா:
குழந்தையோடு போவதாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ஏரோபிளான்தான். மடிக்குழந்தைக்கு 25 டாலர் அல்லது 2,500 புள்ளிகள் மட்டும் எடுப்பார்கள். ரொக்க டிக்கெட்டில் பெரியவர் கட்டணத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைக் குழந்தைக்குக் கேட்பார்கள். பயணத்துக்கு நடுவில் குழந்தைக்கு இரண்டு வயது நிரம்பிவிட்டால் திரும்பும்போது தனி இருக்கை வாங்க வேண்டும், மறக்காதீர்கள். இன்னொன்று, ஒருவழிப் பயணத்தில் 5,000 புள்ளிகள் கூடுதலாகக் கொடுத்தால் நடுவில் ஓர் ஊரில் தங்கிக்கொள்ளலாம், 45 நாள் வரைக்கும். நாங்கள் இஸ்தான்புல்லில் தங்கினோம், மிக அழகான ஊர்.

நடுநிசி:
மீனா அவர்களே, அவர் அப்பாவைப் பார்க்க ஓடுகிறார். குழந்தை எங்கிருந்து வந்தது? இஸ்தான்புல் எங்கிருந்து வந்தது?

கணக்கப்பிள்ளை:
கணக்கு எளிது. ரொக்க விலையிலிருந்து மைல்ஸ் டிக்கெட்டுக்கு நீங்கள் கட்டும் வரியைக் கழியுங்கள், மீதியைப் புள்ளிகளால் வகுங்கள். 1,640 கழித்தல் 95, வகுத்தல் 70,000. புள்ளிக்கு 2.2 சென்ட். எகானமிக்கு இது அபூர்வம். ஆனாலும் என் கொள்கை வேறு. எகானமியில் புள்ளிகளைக் கொட்டக் கூடாது. சேர்த்து வைத்து பிசினஸ் வகுப்பில் போனால் இதே புள்ளி இரண்டு மடங்கு பேசும். ரொக்கம் கொடுத்துவிடுங்கள். கணக்கில் ஏதாவது வரவோ செலவோ இருந்துகொண்டே இருந்தால் போதும், புள்ளிகள் எங்கும் போகாது. 18 மாதம் எந்த அசைவும் இல்லையென்றால்தான் காலாவதியாகும்.

ஸ்காபரோ மாமா:
தம்பி, தகப்பனுக்குச் சத்திரசிகிச்சை என்கிற நேரத்தில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று என்ன கணக்கு? நான் 91இல் ரொறொன்ரோவுக்கு வந்தவன். மைல்ஸ் எல்லாம் அப்போது எங்களுக்கு யார் தந்தார்கள்? தெரிந்த பயண முகவரிடம் போய் டொலரை எண்ணிக் கொடுத்து டிக்கெட் வாங்குவோம். ஊருக்குப் பேசுவதென்றால் கடையில் தொலைபேசி அட்டை வாங்கி, பின்னால் இருக்கும் இலக்கத்தைச் சுரண்டி அழுத்த வேண்டும். லைன் கிடைத்து அம்மா "ஹலோ" என்று சொல்வதற்குள் அரைவாசி நிமிடங்கள் போய்விடும். என் யோசனை, கொழும்புக்குப் போய் அங்கிருந்து மதுரைக்கு நேரே பறக்கலாம். ஸ்ரீலங்கன் விமானம் இருக்கிறது, ஒரு மணித்தியாலம்தான்.

நடுநிசி:
மாமா, இரண்டு தனித்தனி டிக்கெட் வாங்கினால் முதல் விமானம் தாமதமானதும் இரண்டாவது போய்விடும். யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஒரே டிக்கெட்டில் கொழும்பு வழி கிடைத்தால் சரி. டெல்லி வழிக்கும் இதே எச்சரிக்கை. டெல்லியில் குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி மறுபடி ஒப்படைக்க வேண்டும். உள்நாட்டு டிக்கெட் தனியாக இருந்தால் பொதுவாக 15 கிலோவுக்கு மேல் காசு கேட்பார்கள்.

பிராம்ப்டன் வாசி:
மைல்ஸ் டிக்கெட்டில் போனால் விமானம் தாமதமானாலும் ஒரு காசு கிடைக்காது என்று கேள்விப்பட்டேன். நம்மை இரண்டாந்தரமாகத்தான் நடத்துகிறார்கள். போன பிப்ரவரியில் ஒரு விமான நிறுவனம் எங்களை இரவு முழுக்கத் தரையில் உட்கார வைத்தது. கேட்டால் பனி என்றார்கள். வெளியே பார்த்தால் பனியே இல்லை.

கணக்கப்பிள்ளை:
தவறு. கனடாவில் 2019இல் வந்த விமானப் பயணிகள் பாதுகாப்பு விதிகள் புள்ளிகளில் எடுத்த டிக்கெட்டுக்கும் பொருந்தும். நிறுவனத்தின் கட்டுப்பாட்டிலிருந்த, பாதுகாப்புக்காக அல்லாத காரணத்தால் 9 மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமானால், பெரிய நிறுவனங்கள் 1,000 டாலர் தர வேண்டும். அதனால்தான் எல்லாவற்றுக்கும் பனி என்கிறார்கள்.

மிசிசாகா மீனா:
பனியைச் சொல்லித்தானே இந்த ஊரில் எல்லாவற்றையும் தள்ளிப்போடுகிறார்கள். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் பழுதானதற்கும் பனிதான் காரணமாம்.

ஒட்டாவா ராஜி:
கொஞ்சம் நிறுத்துங்கள். கேள்வி கேட்டவருக்கு இன்று இரவுதான் கெடு.

மாட்டுத்தாவணி, நீங்கள் சொன்ன 1,640 போக வரச் சேர்த்துத்தானே? ஏரோபிளான் தளத்தில் புள்ளிகளை ஒவ்வொரு திசைக்கும் தனியாகக் காட்டுவார்கள். 70,000 என்பது போவதற்கு மட்டுமாக இருக்கும். திரும்புவதற்கு இன்னொரு 70,000 வேண்டும், வரியும் இரு முறை. அப்படியானால் 2.2 சென்ட் என்ற கணக்கே விழுந்துவிடுகிறது. 140,000 புள்ளிகளுக்கு 1,450 டாலர் மிச்சம், அதாவது ஒரு சென்ட்டுக்குச் சற்று மேல். உங்களிடம் அவ்வளவு புள்ளியும் இல்லை.

இவற்றுக்குப் பதில் சொல்லுங்கள். தனியாகப் போகிறீர்களா? எந்த நாள் திரும்புவீர்கள்? இந்தியக் கடவுச்சீட்டா? கனடாவில் பி.ஆரா (நிரந்தரவாசியா), வேலை அனுமதியா? 1,640 டாலர் கையில் இருக்கிறதா, கார்டில் போடுகிறீர்களா?

மாட்டுத்தாவணி:
ஆமாம், இப்போது பார்த்தேன். 70,000 போவதற்கு மட்டும்தான். அபுதாபி வழி, எதிஹாட் விமானம். போவதற்கு மட்டும் ரொக்கத்தில் 1,310 கேட்கிறது. தனியாகத்தான் போகிறேன், மனைவி இங்கே வேலைக்குப் போகிறாள். இந்தியக் கடவுச்சீட்டு. பி.ஆர். கிடைத்துத்தான் வந்தோம், கார்டு இன்னும் தபாலில் வரவில்லை. திரும்பும் நாள் மருத்துவர் சொல்வதைப் பொறுத்தது. பணம், உண்மையைச் சொன்னால், கிரெடிட் கார்டில்தான் போட வேண்டும். வாடகைக்கு முதல் மாதமும் கடைசி மாதமும் கொடுத்ததில் கை காலி.

ஸ்காபரோ மாமா:
பி.ஆர். கார்டு இல்லாமல் போகிறாரா! இதை முதல் வரியில் அல்லவா எழுதியிருக்க வேண்டும்!

ஒட்டாவா ராஜி:
மாமா சொல்வதுதான் இதில் தலையாய விஷயம். போவதில் சிக்கல் இல்லை, வருவதில்தான். பி.ஆர். கார்டைக் காட்டாமல் கனடாவுக்கு வரும் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அது இல்லையென்றால் இந்தியாவிலிருந்தே நிரந்தரவாசி பயண ஆவணத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 50 டாலர், ஆனால் அது எப்போது வரும் என்று நாள் குறிக்க முடியாது. நீங்கள் அங்கே இருக்கும்போது கார்டு வீட்டுக்கு வந்தால் மனைவி கூரியரில் அனுப்பலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். இன்றைக்கே விலாசத்தைச் சரிபாருங்கள், அஞ்சல் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஆகவே திரும்பும் நாள் உங்கள் கையிலும் இல்லை, மருத்துவர் கையிலும் இல்லை. இப்போது 1,640க்குப் போக வர வாங்கினால், தேதி மாற்றும் ஒவ்வொரு முறையும் கட்டண வித்தியாசம் கட்டுவீர்கள். மலிவு டிக்கெட்டில் அதற்கு மேல் அபராதமும் இருக்கும். போவதைப் புள்ளியில் போடுங்கள். திரும்புவதை பி.ஆர். கார்டு கைக்கு வந்த பிறகு வாங்குங்கள்.

கணக்கப்பிள்ளை:
1,310லிருந்து 95 போனால் 1,215. புள்ளிக்கு 1.7 சென்ட். ஏற்கலாம்.

ஒட்டாவா ராஜி:
அதையும் அப்படியே நம்ப வேண்டாம். திரும்பும் டிக்கெட்டைப் பிறகு ஒருவழியாக வாங்கும்போது, போக வரக் கட்டணத்தில் பாதிக்கே கிடைக்கும் என்று உறுதியில்லை. 800 டாலர் என்று வைத்துக்கொண்டால் அவருக்கு மிச்சமாவது 1,640 கழித்தல் 895, அதாவது 745 டாலர். திரும்பவும் ஒரு சென்ட்டுக்குச் சற்று மேல்தான். நான் சென்ட்டைப் பார்த்துச் சொல்லவில்லை. 20 சதவீத வட்டிக் கடன் இல்லாமல் கிளம்பலாம், திரும்பும் நாளுக்கு இப்போதே பணம் கட்ட வேண்டாம், அதற்காகச் சொல்கிறேன். நாளைக்கு அறுவைச் சிகிச்சையைத் தள்ளிவைத்தாலும் புள்ளி டிக்கெட்டை ரத்து செய்தால் ஒரு கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு புள்ளிகளைக் கணக்கில் திருப்பிப் போட்டுவிடுவார்கள். 24 மணி நேரத்துக்குள் என்றால் அந்தக் கட்டணமும் இல்லை.

மனைவிக்கும் ஏரோபிளான் கணக்கு இருக்கிறதா? குடும்பப் பகிர்வில் எட்டுப் பேர் வரை ஒரே பானையில் சேர்க்கலாம். உங்களிடம் மிஞ்சும் 12,000த்தோடு அது சேர்ந்தால் திரும்புவதற்கும் உதவலாம்.

நடுநிசி:
நான் ஹீத்ரோ வழியாக பிரிட்டிஷ் ஏர்வேஸில் அவர்களுடைய ஏவியோஸ் புள்ளிகளைப் போட்டுப் போகச் சொல்லலாம் என்றிருந்தேன். சென்னைக்கு நேரே போகும்.

கணக்கப்பிள்ளை:
வேண்டாம். அங்கே புள்ளிகளோடு சேர்த்து வாங்கும் கூடுதல் கட்டணமே கண்ணைக் கட்டும். எதிஹாட் போன்ற ஏரோபிளான் கூட்டாளி விமானங்களில் அந்தக் கூடுதல் கட்டணம் இல்லை, 39 டாலர் பதிவுக் கட்டணமும் வரியும்தான். தவிர, பி.ஆர். கார்டு கையில் இல்லாதவர் ஐரோப்பா வழிப் பாதை எடுத்தால் இடைவழி விசா விதியைத் தனியாகப் பார்க்க வேண்டும். அபுதாபியில் விமான நிலையத்துக்குள்ளேயே மாறினால் விசா தேவையில்லை.

மாட்டுத்தாவணி:
போட்டுவிட்டேன். 70,000, வரி 95. ராஜி அக்கா, மிக்க நன்றி. மனைவியின் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று அவள் வேலை முடிந்து வந்ததும் பார்க்கிறோம். ஆனால் எதிஹாட் தளத்தில் இந்தப் பதிவு எண்ணைப் போட்டால் அப்படி ஒன்றே இல்லை என்கிறது. பயமாக இருக்கிறது.

ஒட்டாவா ராஜி:
அது ஏர் கனடாவின் எண். எதிஹாடுக்கு வேறு ஆறெழுத்துக் குறியீடு இருக்கும். மின்னஞ்சலில் கீழே பாருங்கள், இல்லையென்றால் ஏரோபிளானுக்கு போன் செய்து கேளுங்கள். அதற்கு முன் 014 என்று தொடங்கும் 13 இலக்க டிக்கெட் எண் வந்துவிட்டதா பாருங்கள். அது வந்திருந்தால் டிக்கெட் உறுதி. வராமல் பதிவு எண் மட்டும் இருந்தால் இன்றிரவே போன் செய்யுங்கள், காலை வரை விடாதீர்கள்.

மாட்டுத்தாவணி:
014 இருக்கிறது.

ஸ்காபரோ மாமா:
தம்பி, அஞ்சல் பெட்டியில் பெயர் ஒட்டினீர்களா?