எலிஸ்பாட்: இந்த பிளேட்டை பாசிட்டிவ்னு எழுதலாமா?

புது பைப்பெட்:
எல்லாருக்கும் வணக்கம். தடுப்பூசி போட்ட ஒரு டோனரோட (ரத்தம் கொடுத்தவரோட) நோயெதிர்ப்பு செல்லுல இன்டர்ஃபெரான் காமா எலிஸ்பாட் போட்டேன். அதாவது, கிருமியோட துண்டைப் பார்த்து இன்டர்ஃபெரான் காமாங்கிற புரதத்தைச் சுரக்கிற செல் ஒவ்வொண்ணும் ஒரு புள்ளியா (ஸ்பாட்டா) தெரியுற சோதனை. பிளேட்ல இருக்கிற குழி (வெல்) ஒண்ணுக்கு 2 லட்சம் செல், எல்லாம் மும்மூணு வெல். பெப்டைடைக் கரைக்கிற திரவமான டிஎம்எஸ்ஓ மட்டும் விட்ட வெல்லுல (இதுதான் பேக்ரவுண்ட்) 3, 5, 4 ஸ்பாட். பெப்டைட் பூல்ல (கிருமியோட புரதத் துண்டுகள் கலந்தது) 14, 11, 16. செல்களைப் பொதுவாத் தூண்டிவிடுற பிஎச்ஏ போட்ட வெல் (செல் வேலை செய்யுதான்னு பார்க்க) எண்ண முடியாத கறுப்பு. ரெண்டு சராசரியையும் ஒப்பிடுற டி-டெஸ்ட்ல பி மதிப்பு (நிஜ வித்தியாசம் இல்லாமலே தற்செயலா இப்படி வர்ற வாய்ப்பு) 0.01-க்குக் கீழ. கைடு, "பாசிட்டிவா இல்லையா, ஒரே வார்த்தைல சொல்லு"ங்கிறார். என்ன சொல்ல?

லேப் கோட்டு:
பேக்ரவுண்டைப் போல ரெண்டு மடங்கு தாண்டினா எங்க லேப்ல பாசிட்டிவ்தான். உங்களுது 3.4 மடங்கு. எழுதிட்டுப் போங்க.

ஸ்பாட் எண்ணும் அக்கா:
அவசரப்படாதீங்க தம்பி. மொதல்ல 10 லட்சம் செல்லுக்குக் கணக்கு போடுங்க. பெப்டைட் 68, பேக்ரவுண்ட் 20, கழிச்சா 48. எச்ஐவி தடுப்பூசி சோதனைகள்ல புழங்கின ஒரு விதி உண்டு: 10 லட்சத்துக்கு 55 ஸ்பாட், கூடவே பேக்ரவுண்டைப் போல 4 மடங்கு. அந்த 55-க்கு, பேக்ரவுண்டைக் கழிக்காம பார்த்தா நீங்க பாஸ், கழிச்சுப் பார்த்தா ஃபெயில். 4 மடங்கு எப்படிப் பார்த்தாலும் வரல.

டி-டெஸ்ட்டை நம்பாதீங்க. ஒரு பக்கம் 0, 0, 1, மறுபக்கம் 2, 3, 3 வந்தாலும் அது 0.01-க்குக் கீழதான் காட்டும். ரெண்டு ஸ்பாட் வித்தியாசத்துக்குப் பேரு ரெஸ்பான்ஸா? ரீடர் மெஷின் பஞ்சு நூலையே ஸ்பாட்டுன்னு எண்ணுற ஊர் இது.

வெல்களைக் கலைச்சுப் போட்டுப் பார்க்கிற பெர்முடேஷன் டெஸ்ட் தேவலாம். ஆனா 6 வெல்லை மூணு மூணா 20 விதமாத்தான் பிரிக்க முடியும். அதனால பி மதிப்பு 20-ல ஒண்ணு, அதாவது 0.05-க்குக் கீழ இறங்கவே இறங்காது. ரெண்டு மடங்கைத் தாண்டுதான்னு இந்த டெஸ்ட்ல பார்க்க, பேக்ரவுண்டை ரெண்டால பெருக்கினா 6, 10, 8. உங்க மூணு வெல்லும் அதுக்கு மேல, ஆக சரியா 0.05. விளிம்புல நிக்கறீங்க.

ஒரே பிளேட், விதிக்கொரு பதில். அதனாலதான் பிளேட்டை ரீடர்ல வைக்கிறதுக்கு முன்னாடியே விதியை எழுதி வைக்கணும். ஓட்டம் முடிஞ்சப்புறம் கோடு கிழிச்சா யாரை வேணும்னாலும் ஜெயிக்க வைக்கலாம். அந்த விதியும் வேற லேப்ல இருந்து இரவல் வாங்குற சாமான் இல்ல. தடுப்பூசியும் போடாத, அந்தக் கிருமியும் தொடாத டோனர்கள்ல இதே பூலைப் போட்டு, எத்தனை பேர் தவறா பாசிட்டிவ் ஆகுறாங்கன்னு பார்த்து முடிவு பண்ணணும்.

லேப் கோட்டு:
அக்கா, எங்க 2 மடங்கு எங்கிருந்து வந்துச்சுன்னு இங்க யாருக்கும் தெரியல. முன்னாடி இருந்த சீனியர் சொன்னதுதான்.

புது பைப்பெட்:
அப்ப கைடுகிட்ட என்ன சொல்றது அக்கா? எங்ககிட்ட எழுதி வச்ச விதியே இல்ல.

ஸ்பாட் எண்ணும் அக்கா:
அதையே சொல்லுங்க. 68, 20 ரெண்டு எண்ணையும் காட்டுங்க, "முடிவு சொல்ல முடியாது, திரும்பப் போடணும்"னு எழுதுங்க. ஊசிக்கு முன்னாடி எடுத்த செல் ஃப்ரீசர்ல இருக்கா?

புது பைப்பெட்:
முந்தினது, பிந்தினது ரெண்டும் இருக்கு.

ஸ்பாட் எண்ணும் அக்கா:
பிறகென்ன! ரெண்டையும் ஒரே பிளேட்ல போடுங்க. டிஎம்எஸ்ஓவுக்கு 6 வெல், பூலுக்கு 6 வெல். பிரிக்கிற விதம் 20-ல இருந்து 924 ஆயிடும். உருக்கினதும் ராத்திரி முழுக்க ரெஸ்ட்ல விட்டு, காலையில உயிருள்ள செல்லை எண்ணி அப்புறம் போடுங்க. ரீடர் செட்டிங்கை நடுவுல மாத்தாதீங்க.