கெர்னலுக்கும் யூஸர்ஸ்பேஸுக்கும் ஒரே ஹெடர்: எங்கே வைப்பது?

லினக்ஸ் கெர்னல் மரத்துக்கு வெளியே பில்டாகும் டிரைவர் ஒன்று. அதன் ஐஆக்டல் (செயலி டிரைவருக்குக் கட்டளை அனுப்பும் அழைப்பு) ஸ்ட்ரக்டுகள் உள்ள ஹெடர், டிரைவர் ரெப்போவில் ஒரு காப்பி, யூஸர்ஸ்பேஸ் (கெர்னலுக்கு வெளியே செயலிகள் ஓடும் பகுதி) லைப்ரரி ரெப்போவில் ஒரு காப்பி. இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். மெயின்லைனில் (அதிகாரபூர்வ கெர்னல் மரம்) 2012-இல் வந்த 3.7 முதல், யூஸர்ஸ்பேஸுக்குத் தரும் ஹெடர்களுக்கு இன்க்ளூட்/யுஏபிஐ டைரக்டரி தனியாக இருக்கிறது. ஆனால் 'மேக் ஹெடர்ஸ்_இன்ஸ்டால்' மரத்துக்குள் இருப்பதை மட்டும்தான் எடுக்கும்.

டிரைவர் ரெப்போவிலேயே யுஏபிஐ டைரக்டரி போட்டு, டெவ் பேக்கேஜ் வழியாக யூஎஸ்ஆர்/இன்க்ளூடில் இறக்குவதா, ஹெடரைத் தனி ரெப்போவாக்கி இரண்டிலும் கிட் சப்மாட்யூலாக இணைப்பதா? சப்மாட்யூலில் பழைய கமிட்டிலேயே நின்றுவிடுவார்கள் என்பது என் சந்தேகம்.

இதைவிடச் சிக்கலானது அடுத்தது. ஒரு ஸ்ட்ரக்டில் __யு32-க்கு (4 பைட்) அடுத்து __யு64 (8 பைட்) வருகிறது. 64 பிட் எக்ஸ்86-64-இல் நடுவே 4 பைட் இடைவெளி விழுந்து 16 பைட், 32 பிட் ஐ386-இல் 12. _ஐஓடபிள்யூஆர் மேக்ரோ இந்த அளவையும் கமாண்ட் எண்ணுக்குள் சேர்ப்பதால் எண்ணே மாறுகிறது. 64 பிட் கெர்னலில் 32 பிட் செயலியின் ஐஆக்டலை ஏற்கும் கம்பேட்_பிடிஆர்_ஐஆக்டல் வைத்திருந்தும், 32 பிட் செயலிக்கு 'ஈநாட்டிடிஒய்' (இந்தக் கமாண்ட் தெரியாது) பிழைதான். நடுவில் __யு32 பேட் (இடத்தை நிரப்ப மட்டும் ஒரு ஃபீல்டு) சேர்த்தால் இரண்டிலும் 16. 64 பிட் எண் மாறாது. அளவுக்கு ஸ்டாட்டிக் அசெர்ட்டும் (கம்பைல் ஆகும்போதே நடக்கும் சோதனை) போட்டாயிற்று.

பேட் பூஜ்ஜியமா என்று டிரைவரில் சோதிப்பதுதான் முறை. ஆனால் ஏற்கெனவே ஓடும் 64 பிட் பைனரிகள் அந்த 4 பைட்டில் குப்பையோடு வரலாம். சோதித்தால் அவை 'ஈஇன்வால்' (தவறான மதிப்பு) பிழை வாங்கும். சோதனையை விட்டுவிடுவதா, புது கமாண்ட் எண் கொடுத்து அதில் மட்டும் சோதிப்பதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.