புதுநன்மை வாங்கியிருக்கிறேன், உறுதிபூசுதல் பெறவில்லை: ஞானத்தாயாக நிற்க முடியுமா?

கேள்வி

எனக்கு வயது 34. பிறந்த ஒரு மாதத்திற்குள் திருமுழுக்கும், ஒன்பதாவது வயதில் முதன்முறையாக நற்கருணை வாங்கும் புதுநன்மையும் பெற்றேன். தைலம் பூசித் தூய ஆவியாரைத் தரும் உறுதிபூசுதலுக்கான வகுப்பு தொடங்கவிருந்த ஆண்டில் தந்தையின் பணிமாற்றத்தால் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தோம். புதிய பங்கில் என் வயதுப் பிள்ளைகள் முன்பே அதைப் பெற்றிருந்தார்கள். அதன் பிறகு யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை.

இப்போது என் தங்கை தன் பெண் குழந்தையின் திருமுழுக்கில் உடன்நின்று பொறுப்பேற்கும் ஞானத்தாயாக இருக்கும்படி என்னை அழைத்திருக்கிறாள். பங்குத்தந்தையிடம் பெயர் கொடுக்கப் போனபோது, உறுதிபூசுதல் பெறாதவர் ஞானத்தாயாக நிற்க இயலாது என்று அன்போடுதான் சொன்னார். "கிறிஸ்தவ வாழ்வுக்குள் புகச் செய்யும் புகுமுக அருளடையாளங்கள் மூன்று: திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை. உங்களுக்கு இரண்டுதான் ஆகியிருக்கின்றன" என்று அவர் சொன்ன சொல் என் மனத்தை விட்டு அகலவில்லை. அப்படியானால் இந்த 25 ஆண்டுகளாக நான் நற்கருணை வாங்கி வந்தது முறையற்றதா? நற்கருணைதான் மூன்றிலும் நிறைவானது என்றால், அதை நடுவில் தந்துவிட்டு உறுதிபூசுதலைக் கடைசிக்குத் தள்ளியது ஏன்? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1

சகோதரி, நான் பல ஆண்டுகளாக மறைக்கல்வி கற்பித்து வருபவன். முதலில் உங்கள் அச்சத்தை நீக்கிவிடுகிறேன். நீங்கள் நற்கருணை வாங்கி வந்ததில் எந்தத் தவறும் இல்லை. திருமுழுக்குப் பெற்று, தக்க மனநிலையோடு வருபவருக்கு நற்கருணையை மறுக்க இடமில்லை. ஆனால் உங்கள் பங்குத்தந்தை சொன்னதும் சரியே. ஞானப்பெற்றோராக நிற்பவர் 16 வயது நிறைந்த கத்தோலிக்கராகவும், உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்றவராகவும் இருக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 874 கூறுகிறது. திருமுழுக்கு மட்டும் பெற்றவருக்கும் அந்தத் திருமுழுக்கு முழுமையாகச் செல்லும். ஆனால் கிறிஸ்தவ வாழ்வுக்குள் அவர் புகுவது மற்ற இரண்டும் சேர்ந்தால்தான் நிறைவுபெறும் என்பதே திருச்சபையின் போதனை.

வரிசையைப் பற்றிக் கேட்டீர்கள். தொடக்க நூற்றாண்டுகளில் மூன்றும் ஒரே வழிபாட்டில், திருமுழுக்கு, தைலப்பூசுதல், நற்கருணை என்ற வரிசையில், ஆயர் (பிஷப்) முன்னிலையில் நடந்தன. திருச்சபை ஊர்தோறும் பரவி, பெரும்பாலும் குழந்தைகளுக்கே திருமுழுக்குத் தரும் நிலை வந்தபோது, ஒவ்வொரு குழந்தைக்கும் ஆயர் வந்து சேர இயலவில்லை. கிழக்கத்திய திருச்சபைகள் மூன்றையும் பிரிக்காமல், தைலம் பூசும் பணியைக் குருவிடம் ஒப்படைத்தன. மேற்கத்திய (இலத்தீன்) திருச்சபையிலோ, அந்தப் பணி ஆயருக்கே உரியது என்பதைக் காப்பதற்காக அவர் வரும் நாள்வரை காத்திருந்தார்கள். திருத்தூதர் பணிகள் 8ஆம் அதிகாரத்தில் பிலிப்பு சமாரியாவில் திருமுழுக்குக் கொடுத்த பிறகு பேதுருவும் யோவானும் எருசலேமிலிருந்து வந்து அவர்கள்மேல் கைகளை வைத்ததைப் படித்தால், மேற்கத்திய வழக்கத்தின் மனம் புரியும்.

அப்போதுகூட நற்கருணைதான் பொதுவாகக் கடைசியில் வந்தது. பல இடங்களில் பிள்ளைகள் 10, 12, சில வேளைகளில் 14 வயதுவரை புதுநன்மைக்குக் காத்திருந்தார்கள். 1910 ஆகஸ்ட் 8 அன்று திருத்தந்தை பத்தாம் பயஸின் ஒப்புதலோடு வெளிவந்த ஆணை, பகுத்தறியும் வயதாகிய ஏறத்தாழ ஏழு வயதிலேயே பிள்ளைகளுக்கு நற்கருணை தரலாம் என்றது. பிள்ளைகளை ஆண்டவரின் பந்தியிலிருந்து தள்ளி வைக்கக் கூடாது என்ற அந்த அக்கறையை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆனால் உறுதிபூசுதலின் வயது அதற்கேற்ப முன்னே நகராமல் இருந்த இடத்திலேயே பல நாடுகளில் நின்றுவிட்டது. நீங்கள் காணும் தலைகீழ் வரிசை இப்படித்தான் உருவாயிற்று. 2007இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டும் நற்கருணை பற்றிய திருத்தூது ஊக்கவுரையில் இந்த வரிசையை ஆய்ந்து பார்க்கும்படி ஆயர் பேரவைகளைக் கேட்டுக்கொண்டார்.

பதில் 2

மேலே சொன்ன வரலாறு சரியே என்றாலும், இப்போதைய வழக்கத்திலும் ஒரு நன்மை இருப்பதாக நான் கருதுகிறேன். குழந்தையாக இருந்தபோது நமக்காகப் பெற்றோர் விசுவாச அறிக்கை சொன்னார்கள். உறுதிபூசுதலில்தான் நாமே நம் வாயால் அதைச் சொல்லி நம் முடிவாக்குகிறோம். அந்த வகையில் 34 வயதில், எல்லாம் புரிந்த நிலையில் அதைப் பெறுவது சகோதரிக்குக் கிடைத்த பேறு என்பேன்.

பதில் 3

இரண்டாவது பதிலை எழுதியவரின் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. திருமுழுக்கு வாக்குறுதிகளை நாமே புதுப்பிப்பது உறுதிபூசுதல் சடங்கின் ஒரு பகுதி என்பது உண்மை. ஆயினும் அந்த அருளடையாளம் நாம் கடவுளுக்குத் தரும் முடிவு அன்று; கடவுள் நமக்குத் தரும் தூய ஆவியார். சாகும் தறுவாயில் இருக்கும் கைக்குழந்தைக்கும் எந்தக் குருவும் உறுதிபூசுதல் வழங்கலாம் என்று திருச்சபைச் சட்டம் அனுமதிக்கிறது. அந்தக் குழந்தை எந்த முடிவை எடுத்தது? பள்ளிப் படிப்பு முடிந்ததும் பட்டம் தருவதுபோல இதைப் பிள்ளைகள் எண்ணிக்கொண்டு, அதன் பிறகு ஆலயப் பக்கமே வராமல் போவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

நான் இலத்தீன் வழிபாட்டு முறையில் வளர்ந்தவள். திருமணத்தால் கிழக்கத்திய மரபான பைசாந்திய வழிபாட்டு முறையைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பத்திற்குள் வந்தேன். என் மகனுக்கு மூன்றும் ஒரே நாளில், அவன் தலை நிற்காத வயதிலேயே நிகழ்ந்தன. நீரிலிருந்து எடுத்துத் துடைத்த கையோடு குரு அவனுடைய நெற்றி, கண்கள், மூக்கு, உதடுகள், காதுகள், மார்பு, கைகள், பாதங்கள் என ஒவ்வோர் இடமாகத் தைலத்தால் சிலுவை வரைந்தார். பின்னர் சிறு கரண்டியின் நுனியால், நற்கருணையில் இரச வடிவில் இருக்கும் திரு இரத்தத்தின் ஒரு துளியை அவன் நாவில் வைத்தார். அவன் அதைச் சப்புக்கொட்டி விழுங்கினான். கடவுள் முதலில் தருகிறார், நாம் பிறகு வளர்ந்து புரிந்துகொள்கிறோம் என்று மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்திருந்த எனக்கு அன்றுதான் அது கண்ணெதிரே நடந்தது.

பதில் 4

நான் வளர்ந்த பிறகு விசுவாசத்திற்கு வந்தவன். 41ஆம் வயதில், உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய பாஸ்கா திருவிழிப்பு இரவில் மூன்றையும் ஒருசேரப் பெற்றேன். இரண்டாம் வத்திக்கான் சங்கம், பெரியவர்களைப் படிப்படியாக ஆயத்தப்படுத்தும் பழைய புகுமுக நிலையை மீட்கப் பணித்து, 1972இல் பெரியவர்களுக்கான சடங்குமுறை வெளியானதால் எனக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது. ஆயத்தக் காலத்தில் ஞாயிறுதோறும் மறையுரை முடிந்ததும் எங்களை ஆசீர்வதித்து வெளியே அனுப்பிவிடுவார்கள். மற்றவர்கள் பந்திக்கு ஆயத்தமாகும்போது எழுந்து வெளியே நடப்பது எப்படிப்பட்ட பசி என்பதைக் குழந்தையிலேயே திருமுழுக்குப் பெற்றவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம்.

அந்த இரவில் மூன்று முறை தலையில் நீர் ஊற்றப்பட்டது. கழுத்து வழியாக வழிந்து சட்டைக்குள் இறங்கிய ஈரம் காயும் முன்பே, குரு என் பெயரைச் சொல்லி நெற்றியில் கிறிஸ்மா தைலம் பூசினார். பெரியவருக்குத் திருமுழுக்குத் தரும் குருவே உறுதிபூசுதலும் வழங்கச் சட்டமே அதிகாரம் தருகிறது. ஆனால் அந்தத் தைலம் ஆயர் அர்ச்சித்தது. சற்று நேரத்தில் நற்கருணைக்கு வரிசையில் நின்றபோது அந்த மணம் என் முகத்திலேயே இருந்தது. ஈரத்தலையோடும் மணக்கும் நெற்றியோடும் நான் பந்தியை நோக்கித்தான் நடத்திச் செல்லப்பட்டேன் என்பது அப்போது புரிந்தது. வரிசையைப் பற்றிய விவாதத்தில் என்னிடம் இருக்கும் சான்று இது ஒன்றுதான்.

பதில் 1-ஐ எழுதியவர் மீண்டும்

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். சகோதரி, குழந்தையாக நீங்கள் திருமுழுக்குப் பெற்றபோது, நீர் ஊற்றியதும் உங்கள் உச்சந்தலையில் இதே கிறிஸ்மா தைலத்தைப் பூசியிருப்பார்கள். அது உறுதிபூசுதல் அன்று. பின்னர் வரப்போகும் பூசுதலுக்கு முன்னறிவிப்பு. பெரியவர்களுக்கு உடனே உறுதிபூசுதல் தரும்போது உச்சந்தலைப் பூசுதலை விட்டுவிடுவதும் அதனால்தான். ஆகவே நீங்கள் வெளியே நிற்பவர் அல்லர். 34 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியதை முடித்துவைக்கப் போகிறவர்.

செய்ய வேண்டியவை அதிகமில்லை. திருமுழுக்குப் பெற்ற பங்கிலிருந்து சான்றிதழ் வாங்குங்கள். தகுந்த ஆயத்தத்திற்குப் பிறகு ஒப்புரவு அருளடையாளம் (பாவசங்கீர்த்தனம்) பெற்றுக்கொள்ளுங்கள். ஆயர் வரும் நாள் தொலைவில் இருந்தால், ஒரு குருவுக்கு அவர் அதிகாரம் அளிக்க இயலுமா என்று பங்குத்தந்தை வழியாகக் கேட்கலாம். குழந்தையின் திருமுழுக்கை மட்டும் இதற்காக நெடுநாள் தள்ளிப்போட வேண்டாம் என்று தங்கையிடம் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. திருமுழுக்குப் பெற்ற பங்கிற்குத் தொலைபேசியில் பேசினேன். பதிவேட்டை எடுத்துப் பார்த்தவர் என் பெயரையும் பெற்றோர் பெயரையும் வாசித்துவிட்டு, "உறுதிபூசுதல் என்ற இடம் காலியாக இருக்கிறது" என்றார். நான் எங்கே அதைப் பெற்றாலும் அங்கிருந்து தகவல் வந்ததும் அதே வரியில் எழுதி வைப்பார்களாம்.

வாசித்த பெயர்களில் என் ஞானத்தாயின் பெயரும் இருந்தது. திருமுழுக்கில் நின்றவரே உறுதிபூசுதலிலும் நிற்பது விரும்பத்தக்கது என்று பங்குத்தந்தை சொன்னதால், நேற்று மாலை அவரை அழைத்தேன். அவருக்கு இப்போது 70 வயதைக் கடந்துவிட்டது. "உன் தோளில் கை வைக்க வேண்டும், அவ்வளவுதானே, வருகிறேன்" என்றார்.