புதுப்பிப்பு: பழைய காரில் இ20 (20% எத்தனால் கலந்த பெட்ரோல்), ஹோஸ் மட்டும் மாற்றினால் போதாது

2023 ஏப்ரலுக்கு முந்தைய, இ10-க்கு (10% எத்தனால்) வடிவமைத்த கார்களில் இ20 போட, எரிபொருள் செல்லும் ரப்பர் ஹோஸை மாற்றினால் போதும் என்று போன பதிவில் எழுதியிருந்தேன். அது பாதிதான் சரி.

ஹோஸுக்கு முன்னால் தொல்லை தருவது எரிபொருள் ஃபில்டர். டேங்க் அடியில் படிந்த கசடை எத்தனால் கிளப்பிவிடும். இ20 போட்ட முதல் இரண்டு மூன்று டேங்குக்குள் ஃபில்டரைக் கட்டாயம் பாருங்கள். நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங் (இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் வளையம்) ஊதிப்போய், பிறகு காய்ந்தால் சுருங்கிக் கசியும், எத்தனாலைத் தாங்கும் வைட்டான் ரப்பர் வளையம் போடுங்கள்.

அடுத்து ஸ்கேனர், அதாவது காரின் கணினியைப் படிக்கும் கருவி. காற்று-எரிபொருள் விகிதம் இ10-க்குச் சுமார் 14.1, இ20-க்கு 13.5. அதனால் அதில் தெரியும் லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் (எரிபொருள் அளவில் காரின் கணினி செய்யும் நீண்டகாலத் திருத்தம்) 4, 5 சதவீதம் ஏறுவது இயல்பு. 10-ஐத் தாண்டினால் இன்ஜெக்டரையும் பம்ப் அழுத்தத்தையும் சோதிக்க வேண்டும். டர்போ காரை ட்யூன் செய்தவர்கள் இதில் அலட்சியமாக இருக்கவே கூடாது: முழு லோடில் பழைய மேப்பையே (கணினியில் பதிந்த எரிபொருள் அட்டவணை) நம்பி ஓட்டினால் கலவை லீனாகி, அதாவது எரிபொருள் குறைந்து, பிஸ்டனே உருகலாம்.

பங்க் பெட்ரோலில் சந்தேகமா? அளவுக் குழாயில் 50 மி.லி. பெட்ரோல், 50 மி.லி. தண்ணீர் ஊற்றி, மூடிக் குலுக்கி, பத்து நிமிடம் வையுங்கள். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்துவிடும். அடி அடுக்கு 60-க்குச் சற்றுக் கீழே நின்றால் அது இ20. 55-ஐ ஒட்டி நின்றால் இ10.