ஹெப்பாரின் தட்டணுக்குறை: திங்களுக்குள் ஒரு சொல் வேண்டும்

கும்பகோணம், ஆய்வக ஆசிரியை:
வணக்கம். லேப் டெக்னீஷியன் மாணவர்களின் தமிழ்க் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து போட்ட சிலருக்கு, பெரும்பாலும் 5 முதல் 10 நாளுக்குள், தட்டணுக்கள் (பிளேட்லெட்) பாதிக்கு மேல் சரிந்துவிடும். ஹெப்பாரினும் தட்டணுவின் பிஎஃப்4 புரதமும் சேர்ந்த கூட்டுக்கு எதிராக உடல் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) உண்டாக்குவதே காரணம். 'ஹெப்பாரின்வழித் தட்டணுக்குறை' என்று எழுதிவிட்டேன். ஆனால் பிள்ளைகள் டெங்குவைப் பார்த்து வளர்ந்தவர்கள், தட்டணு குறைந்தால் இரத்தம் கசியும் என்றே நினைக்கிறார்கள். இங்கே நடப்பது நேர்மாறு, இரத்தம் குழாய்க்குள்ளேயே கட்டிக்கொள்கிறது. பெயரில் 'உறைவு' வர வேண்டாமா?

திருவையாறு, தமிழாசிரியர்:
முதலில் அந்த ஹகரத்தைக் கவனியுங்கள் அம்மா. 'வடசொற் கிளவி வடவெழுத் தொரீஇ', அதாவது வடசொல்லை வடவெழுத்தை நீக்கி எழுது என்ற தொல்காப்பிய விதி கிரேக்கச் சொல்லுக்கு மட்டும் பொருந்தாதா? கிரேக்கத்தில் ஹெப்பார் என்றால் கல்லீரல். 1918-ல் பெயர் வைத்தபோது நாயின் ஈரலிலிருந்துதான் எடுத்தார்கள். அதனால் 'ஈரலி' என்போம். ஈரல் என்பதில் ஈரமும் இருக்கிறது என்பது என் கணிப்பு. குருதியை உறையவிடாமல் ஈரமாக வைப்பதுதானே அதன் வேலை. ஈரம், ஈர்மை, ஈர்ங்கை என்று இந்த வேர் எங்கெல்லாம் போகிறது பாருங்கள்.

தஞ்சாவூர், மருத்துவர்:
ஐயா, சொல் அழகுதான், ஆனால் இன்றைய ஹெப்பாரின் பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து வருகிறது. அதைவிட முக்கியம், கேஸ் ஷீட்டில் ஹெப்பாரின் என்றிருக்கும்போது ஆய்வக அறிக்கை ஈரலி என்று சொன்னால் நர்ஸ் தடுமாறுவார். சந்தேகம் வலுத்தால் முடிவுக்குக் காத்திராமல் மருந்தை நிறுத்த வேண்டிய நோய் இது. ஆசிரியைக்கும் ஒன்று: எல்லோருக்கும் உறைவு வருவதில்லை, அதைப் பெயரில் பூட்ட வேண்டாம். சோதனைகளுக்குப் பெயர் கொடுங்கள், குழப்பம் அங்கேதான். எலைசா என்ற இரத்தச் சோதனை எதிர்ப்பொருளைக் கண்டுபிடிக்கும், நோய் இல்லாத பலருக்கும் பாசிட்டிவ் காட்டும். செரோட்டோனின் சோதனை அந்த எதிர்ப்பொருள் தட்டணுவை உண்மையிலேயே தூண்டுகிறதா என்று பார்க்கும். முன்னதற்கு 'இருப்புச் சோதனை', பின்னதற்கு 'தூண்டல் சோதனை' என்றால் போதும். இந்த நோய்க்கு எவ்வளவு வாய்ப்பு என்று கணிக்கும் 4டி (4T) மதிப்பெண் 0 முதல் 3 வரை என்றால் இரண்டுமே பொதுவாக வேண்டியதில்லை, அதையும் எழுதுங்கள்.

மன்னார்குடி, மொழிபெயர்ப்பாளர்:
இரண்டு சோதனைப் பெயருக்கும் என் ஓட்டு. 'எதிர்ப்பொருள்' மட்டும் உறுத்துகிறது, இலங்கைப் பாடநூல்களின் 'பிறபொருளெதிரி' எவ்வளவு தெளிவு!

கும்பகோணம், ஆசிரியை:
சரி, அதை இன்னொரு நாள் பேசுவோம். பழைய பெயரே இருக்கட்டும், 'உறைவு அபாயம்' என்று அடுத்த வரியில் தடித்த எழுத்தில் போடுகிறேன். சோதனைப் பெயர்கள் மருத்துவர் சொன்னபடியே.

திருவையாறு, தமிழாசிரியர்:
அச்சுக்குப் போகட்டும் அம்மா. 'எப்பாரின்' என்றாவது எழுதியிருக்கலாம்.